முட்டுக்கட்டை அண்ணனின் பல்வலி

சக்கரம் வைத்த எந்தப் பொருளையும் நம்பக்கூடாது என்று முழுமனதோடு நம்பியவர் ரங்கூன் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் தொழில் டிரைவர்.

"சக்கரம்னு ஒண்ணு இருந்தா அது ஓடத்தான் பாக்கும், தங்கச்சி. அதுவும் நாம பாக்காத நேரமாப் பாத்து ஓடும்" என்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தாமுவே பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனால், குழந்தை இல்லாத அந்த வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை விட்டுப்போன நடைவண்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு மரத்துண்டுகள் வைத்திருக்கும். உட்கார அடியில் சக்கரம் வைத்த நாற்காலி போட்ட கடையில் நின்றுகொண்டே பேசிவிட்டு வருவார். ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போனவர், வராந்தாவில் காலியாக நின்ற தள்ளுகட்டில்களுக்கெல்லாம் எங்கிருந்தோ செங்கல் பொறுக்கி வந்து முட்டுக் கொடுத்துவிட்டார். சற்று நேரத்தில் அவசரமாகக் கட்டிலை இழுக்க வந்த சிப்பந்திகள் பர்மிய மொழியில் என்ன சொன்னார்கள் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

அதனால் முட்டுக்கட்டை என்ற பெயர் வந்தது. வண்டிச் சக்கரத்துக்கு மட்டும் அல்ல, எந்தக் காரியத்துக்கும் அவர் அதுதான் என்பதால் பெயர் நிலைத்தும் விட்டது. பர்மியர்களுக்கு முழுப்பெயர் வாயில் நுழையவில்லை. பாதியை எடுத்துக்கொண்டு, முன்னால் மரியாதையாக ஒரு 'கோ' சேர்த்து, கோ கட்டை என்றார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவரே அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு கேரவனால்.

எங்கள் டாக்டர் கல்யாணி பல் டாக்டர். தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் சின்ன கிளினிக் வைத்திருந்தார். பர்மிய நோயாளிகள் 'சயாமா' என்று கூப்பிடுவார்கள். லேடி டாக்டரையும் டீச்சரையும் அப்படித்தான் கூப்பிடுவது. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அவர் சயாமா ஆகிவிட்டார். நான் அவருக்கு உதவியாள். ஆயுதங்களைக் கழுவுவது, கரண்ட் போனால் டார்ச் பிடிப்பது, ஊசியைப் பார்த்து எழுந்து ஓடுகிறவர்களின் தோளைப் பிடிப்பது என் வேலை.

சில வருஷங்களுக்கு முன்னால், ரோடு போட வந்த வெளிநாட்டு எஞ்சினியர்கள் தங்கியிருந்த ஒரு கேரவன் இன்சீன் பக்கம் ஒரு பழைய சாமான் கிடங்கில் கேட்பாரற்று நின்றது. சயாமா அதைப் பார்த்துவிட்டார். உள்ளே படுக்கை இருந்த இடத்தில் பல் நாற்காலியைப் பொருத்தி, சமையல் மேடையில் ஆயுதங்களை அடுக்கி, ஒரு ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு, பல் டாக்டரே இல்லாத பேட்டைகளுக்குப் போய் வைத்தியம் செய்வது என்று தீர்மானித்தார். ஜீப்பு கிடைத்தது. டிரைவர் வேண்டும். பத்திரமாக ஓட்டுகிற ஆள் வேண்டும் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தார். நாலு பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். சொல்லும்போது நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு சினிமா நட்சத்திரம் ஞாபகம் வரும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலும் அதேதான் நடந்தது. ஆற்றைச் சுற்றிக்கொண்டு நாங்கள் முதல் தடவை அங்கே போய் இறங்கியபோது, டாலாவே திரண்டு வந்துவிட்டது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, உள்ளே எந்த நடிகர் என்று விசாரித்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிஜமான நோயாளிகள் கொஞ்சம் பேர். அவர்கள் எல்லாருக்கும் முன்னால் முட்டுக்கட்டை அண்ணன் இறங்கி, ஜீப்பிலிருந்து கேரவனைக் கழற்ற ஆரம்பித்தார்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. ஜீப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். கேரவனின் மூக்கு நுனியில் அந்தக் குண்டைக் கவ்விக்கொள்ளும் ஒரு தொப்பியும், அதன்மேல் ஒரு கைப்பிடியும் இருக்கும். மூக்குக்குக் கீழே சின்னதாக ஒரு சக்கரம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, லைட் வயரையும் காப்புக் கம்பியையும் கழற்றி, சின்னச் சக்கரத்தை இறக்கி, கைப்பிடியைத் தூக்கினால் தொப்பி குண்டை விட்டுவிடும். சின்னச் சக்கரத்தைத் திருகத் திருக மூக்கு மேலே எழும்பும். ஜீப்பை முன்னால் எடுத்துவிட்டு, கேரவனின் நாலு மூலையிலும் உள்ள கால்களை இறக்கினால் வேலை முடிந்தது. வெற்றிலை மடித்து வாயில் போட்டு, அது சிவப்பதற்குள் மற்ற டிரைவர்கள் முடித்துவிடுவார்கள்.

அண்ணன் முதலில் தரையைப் பார்ப்பார். நின்று பார்ப்பார், குந்திப் பார்ப்பார். பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்து தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதன் பின்னாலேயே நடப்பார். பிறகுதான் கட்டைகள் வரும். இரும்பு மாதிரி கனக்கும் மரத்தில் செதுக்கி, சிவப்புச் சாயம் அடித்த கட்டைகள். அவற்றைப் பழைய லுங்கித் துணியில் சுற்றி ஜீப்பின் முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார்த்திக் கொண்டு வருவார். நான் பின்னால் ஜெனரேட்டரோடு உட்கார்ந்து வருவேன்.

கட்டை வைத்ததும் ஒரு சுற்று. பிரேக் இழுத்ததும் ஒரு சுற்று. இழுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு சுற்று. அதற்குள் வெயில் ஏறிவிடும். டாலாவில் அன்றைக்கு முதல் ஆளாக வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "பொண்ணு, எனக்கு வலி போயிடுச்சு. நான் வீட்டுக்குப் போறேன்" என்று பர்மியில் சொல்லிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். முதல் மாசத்தில் சயாமா குணப்படுத்திய பற்களைவிட அண்ணன் குணப்படுத்தியவையே அதிகம்.

வைத்தியம் ஆரம்பித்த பிறகும் விடமாட்டார். ஜன்னலில் திடீரென்று அவர் முகம் முளைக்கும். வாய் திறந்து கிடக்கும் நோயாளியை ஏற இறங்கப் பார்ப்பார்.

"சயாமா, இவரு என்ன எடை இருப்பாரு?"

"அண்ணே, நான் பல் எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"எடுங்க, எடுங்க. எல்லா கனமும் வலது பக்கமே இருக்கு. அதான் கேட்டேன்."

இன்சீனில் அரிசிக்கடை வைத்திருந்த பருமனான ஒருவர் வந்தபோது, அவர் மனைவியையும் உள்ளே ஏற்றி எதிர்ப்பக்கம் உட்கார வைத்த பிறகுதான் மிஷினைப் போட விட்டார். கணவருக்கு ஊசி போடும்போது பயந்துபோய் அந்த அம்மாள் எழுந்து நின்றார். வெளியிலிருந்து குரல் வந்தது. "அம்மா, உட்காருங்க. வண்டி சாயுது." வண்டி சாயவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரிசிக்கடைக்காரர் நாற்காலியின் இரண்டு கைகளையும் விடவே இல்லை. எத்தனையோ பேர் பல் டாக்டரைப் பார்த்துப் பயப்படுவார்கள். எங்கள் நோயாளிகள் மட்டும்தான் டிரைவருக்குப் பயந்தார்கள்.

கேரவனின் மூக்கை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. ஒருநாள் நேரமாகிறதே என்று சயாமா போய் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். அண்ணன் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டார்.  வீடு திரும்பும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஒரு வெரல் நசுங்கினா அந்தப் புள்ள அப்புறம் எப்படித் தொழில் பண்ணும்?" என்று மட்டும் கேட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மழைக்காலத்தில் பல்வலி வந்தது.

பல் டாக்டரின் டிரைவருக்குப் பல்வலி வந்தால் அதைவிட வசதி வேறென்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். கீழ்க்கடைவாயில் சொத்தை. சயாமா பார்த்ததும், "அண்ணே, ஏறி உட்காருங்க. இப்பவே எடுத்துடலாம்" என்றார்.

"நான் ஏறி உட்கார்ந்தா வெளிய கட்டையை யாரு பாக்கிறது?"

"ராணி பாத்துக்குவா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னோடு அவருக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் அந்தப் பார்வையில் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பது தெரிந்தது.

"அப்போ தாமுவே மாடிக்கு வாங்க. அங்க சக்கரம் இல்லை."

"அங்க நான் மேல இருப்பேன். ஜீப்பு கீழ நிக்கும்" என்றார், இதுகூடவா புரியவில்லை என்கிற மாதிரி.

வலியோடு ஒரு வாரம் ஓட்டினார். கிராம்பு வைத்தார். உப்புத்தண்ணீர் கொப்பளித்தார். சயாமா கொடுத்த மாத்திரைகளை, வண்டி ஓட்டும்போது தூக்கம் வருமோ என்று பயந்து, சாப்பிடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கன்னம் வீங்கியது. ஒரு நாள் குறைந்த மாதிரி இருந்தது. எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது. குறையவில்லை, கீழே இறங்கியிருக்கிறது என்பது இன்சீனில்தான் தெரிந்தது.

அன்று காலையிலிருந்தே மழை. இன்சீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ரயில்வே பட்டறையின் பழைய சுவரை ஒட்டிப் போகும் ஒரு சரிவான தெருவில் வழக்கம்போல நிறுத்தினார். நாங்கள் கேரவனுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் தெருமுனையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. நான் இறங்கிப் பார்த்தபோது அண்ணன் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்க்க இறங்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்கவில்லை. 

"அண்ணே, என்ன செய்யுது?"

வாயைத் திறக்கப் பார்த்தார். பற்களுக்கு நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டார். தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் கல் மாதிரி வீங்கியிருந்தது. கையைத் தொட்டால் அனலாகக் கொதித்தது.

சயாமா வந்து பார்த்தார். தாடைக்குக் கீழே விரலால் மெல்ல அழுத்தினார். நான் அவரோடு இத்தனை காலம் வேலை செய்திருக்கிறேன், ரத்தம் பீறிட்டபோதுகூட அவர் முகம் மாறிப் பார்த்ததில்லை. அன்று மாறியது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சீழ் கீழே இறங்குது. தொண்டைக்குப் போச்சுன்னா மூச்சு அடைச்சிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆனா அதுக்கு முன்னாடி நான் கீறி விட்டுடறேன். அவ்வளவு தூரம் போற வரைக்கும் தாங்குமான்னு தெரியலை" என்றார்.

தெருமுனையில் டாக்ஸிகள் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன. உயரமாக இருந்த எங்கள் ஜீப்பு மட்டும்தான் அதைக் கடக்கும். சயாமாவுக்கு ஜீப்பு ஓட்டத் தெரியும். பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓட்டத் தெரியாது. அதோடு, ஜீப்பில் மாட்டியிருக்கும்வரை கேரவன் ஆடிக்கொண்டே இருக்கும். கழுத்துப் பக்கம் கத்தி வைக்கிற வேலையை அதில் செய்ய முடியாது. எப்படிப் பார்த்தாலும் முதலில் கேரவனைக் கழற்றியாக வேண்டும்.

அண்ணன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்தார். கால் மடங்கியது. வெற்றிலைக் கடைக்காரர் ஓடிவந்து தாங்கி, தன்னுடைய பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கடையின் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார வைத்தார்.

"அண்ணே, நான் கழற்றுறேன். நீங்க உட்கார்ந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணில் வந்த பயத்தை நான் என்றும் மறக்கமாட்டேன். அது தொண்டை அடைத்துவிடும் என்ற பயம் இல்லை.

அப்புறம் நடந்ததைத் தெருவே நின்று பார்த்தது. வாய் திறக்க முடியாத ஒரு மனிதர், கேரவன் கழற்றத் தெரியாத ஒருத்திக்குப் பாடம் நடத்தினார். ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மறு கையில் வெற்றிலைக் கடைக்காரரின் குடையை வைத்துக்கொண்டார். குடையால் ஒரு தடவை தரையில் தட்டினால் நிறுத்து. இரண்டு தடவை தட்டினால் மேலே செய். நான் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். ஒரு தட்டு விழும்.

"என்னண்ணே? பிரேக் இழுத்தாச்சு."

ஒரு தட்டு.

"கட்டையும் வச்சாச்சு."

பல்லைக் கடித்தபடி ஏதோ சொன்னார். "ஹட்டெ... ஹிங்ங்..." என்று வந்தது.

"என்ன சொல்றாரு?" என்று வெற்றிலைக் கடைக்காரர் பர்மியில் கேட்டார்.

"கட்டை இன்னும் கிட்டங்கறாரு" என்றேன். குனிந்து கட்டையைச் சக்கரத்தோடு ஒட்டித் தள்ளி, காலால் உதைத்தேன். இரண்டு தட்டு.

வயரைக் கழற்றினேன். காப்புக் கம்பியைக் கழற்றினேன். சின்னச் சக்கரத்தை இறக்கினேன். மழை முகத்தில் அடித்தது, கைப்பிடி வழுக்கியது. சயாமா கேரவன் வாசலில் கையுறையோடு நின்று, அண்ணனின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம், ராணி" என்றார். அண்ணன் ஒரு தட்டுத் தட்டி, சீக்கிரம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது.

கைப்பிடியைத் தூக்கினேன். சின்னச் சக்கரத்தைத் திருகினேன். மூக்கு மெல்ல எழும்பி, தொப்பி குண்டைவிட்டு விலகியது. அந்தக் கணத்தில் கேரவன் பின்னால் நகர்ந்தது.

ஒரு சாண் இருக்கும். ஈரக் கல்லில் கட்டை கிறீச்சென்று சறுக்கி, ஒரு பள்ளத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூச்சு வந்து, கூட்டம் பேச ஆரம்பித்த பிறகுதான் ஸ்டூலைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அண்ணன் கேரவனுக்குப் பின்னால் நின்றார். எப்போது எழுந்தார், எப்படிப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. நிற்க முடியாத மனிதர். குச்சி மாதிரி உடம்பு. தோளைக் கேரவனின் முதுகில் முட்டுக் கொடுத்து, கால்களை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அது உண்மையாகவே உருண்டிருந்தால் அவர்மேல் ஏறிக்கொண்டு போயிருக்கும். அவருக்குப் பின்னால், சரிவின் கீழே, மழைக்கு ஒதுங்கி நின்ற நோயாளிகளின் வரிசை இருந்தது. அப்போதுதான் எனக்கும் அது கண்ணில் பட்டது.

"அண்ணே, நின்னுடுச்சு. வாங்க" என்றார் சயாமா.

தலையை ஆட்டினார். வரமாட்டேன் என்று. நாலு மூலைக் கால்களையும் நான் இறக்கி முடிக்கிற வரைக்கும் தோளை எடுக்கவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் போய் அவரோடு சேர்ந்து தோள் கொடுத்தார்கள். அவர்களையும் எப்படி நிற்க வேண்டும் என்று குடையால் தட்டித் திருத்தினார்.

ஒருவழியாக உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் படுக்க வைத்தோம். நான் விளக்குப் பிடிக்கப் போனால் விடவில்லை. ஜன்னலைக் காட்டினார். வெளியே போய் நில் என்று அர்த்தம். சயாமா விளக்கை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு, "போ, ராணி. அவர் மனசு அங்கதான் இருக்கு" என்றார். நான் போய், ஜன்னலுக்குக் கீழே, கட்டைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு மழையில் நின்றேன்.

"ஹட்டெ?" என்று உள்ளேயிருந்து வந்தது.

"இருக்கு அண்ணே."

ஆயுதங்கள் தட்டில் உரசும் சத்தம். சயாமா மெதுவாக ஏதோ சொன்னார்.

"ஹட்டெ?"

"இருக்கு அண்ணே. நான் மிதிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

பிறகு ஒரு முனகல். நாற்காலி அதிர்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை. மழை தகரக் கூரையில் விழும் சத்தம் மட்டும். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெற்றிலைக் கடைக்காரரும் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். இரண்டு வருஷமாக, இந்தக் கேள்வியை இந்த மனிதர் எப்போது நிறுத்துவார் என்று நாங்கள் கேட்காத நாள் இல்லை.

"இருக்கு அண்ணே" என்று நானே சொன்னேன்.



"அண்ணே, கட்டை இருக்கு. அப்படியேதான் இருக்கு. கேக்குதா?"

கொஞ்சம் கழித்து சயாமாவின் முகம் ஜன்னலுக்கு வந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. "நிறைய வந்துடுச்சு, ராணி. மூச்சு நல்லா விடறார். மயக்கம் மாதிரி அசந்துட்டார்" என்றார். நான் கட்டையிலிருந்து காலை எடுக்காமலேயே அழுதேன்.

ஜீப்பில் ஏற்றும்போது அண்ணன் விழித்துக்கொண்டு, கேரவனைத் தனியாக விட்டுப் போக மறுத்தார். மூட்டை தூக்கும் ஆட்கள் இருவரும் ஆளுக்கொரு சக்கரத்தின்மேல் சாய்ந்து உட்கார்ந்து காட்டிய பிறகுதான் கண்ணை மூடினார். தேங்கிய தண்ணீரைச் சயாமா எப்படிக் கடந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் அண்ணன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். சயாமா, சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அண்ணன் மனைவி மா கின் வந்தார். பர்மியப் பெண்மணி, தாமுவேயில் காலை நேரத்தில் மோஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவர். மாமியாரிடம் கற்றுக்கொண்ட தமிழ். எது நடந்தாலும் 'யபாதே' என்பார், பரவாயில்லை என்று. வீட்டுக் கூரை ஒழுகினாலும் யபாதே, வியாபாரம் ஆகாமல் சட்டி அப்படியே திரும்பி வந்தாலும் யபாதே. அன்றைக்கு அவர் யபாதே சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"இவ்வளவு பயப்படுறவரோட எப்படிக்கா இத்தனை வருஷம் இருக்கீங்க?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் என்றிருந்தது.

அவர் யோசித்தார். "எனக்குப் பயமே வராது, ராணி. கல்யாணம் கட்டினதுலேர்ந்து வந்ததில்லே. வீட்டுக்கு ஒரு ஆளு பயந்தாப் போதும்ல" என்றார். பிறகு பாதத்தைத் தடவிக்கொண்டே, "இன்னிக்கு இவரு தூங்குறாரு. அதான் எனக்கு வந்துடுச்சு" என்றார்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். தாடைக்குக் கீழே ஒரு தழும்போடு திரும்பி வந்து, முதல் நாளே, தான் இல்லாத நாட்களில் கேரவனைக் கழற்றிய தற்காலிக டிரைவர் என்னென்ன செய்தான் என்று எங்களை விசாரித்தார். அந்தப் பையன் எல்லாவற்றையும் நொடியில் முடித்தான் என்றோம். அவன் காலத்தில் சயாமா பல் எடுக்கும்போது நடுநடுவே கையை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார் என்பதையும், நான் சும்மா சும்மா வெளியே போய் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கேரவன் ஓடுவதில்லை. டீசல் கிடைப்பது கஷ்டமாகி, போகிற வழிகளும் கஷ்டமாகி, சயாமா மறுபடி மாடிக் கிளினிக்கோடு நிறுத்திக்கொண்டார். அண்ணன் வீட்டில் இருக்கிறார். கவலைப்படுவதற்கு வண்டி இல்லாததால் மனிதர்களை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் மழை பிடித்தால் எனக்குப் போன் வரும்.

"தங்கச்சி, வீட்டுக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேன் அண்ணே."

"சரி." வைத்துவிடுவார். அடுத்தது சயாமாவுக்குப் போகும்.

போன வாரம் பெரிய மழை. கரண்டும் இல்லை, போன் லைனும் இல்லை. நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, துணி மாற்றி, டீ போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் செத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் அவர் திரும்பத் திரும்ப நம்பரை அழுத்திக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. தோன்றிய பிறகு உட்கார முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நான்கு தெரு தாண்டி நனைந்து போய், அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "இந்த மழையில எங்கே போயிட்டு வர்றே?"

"எங்கேயும் போகலை அண்ணே. நான் வீட்டுலதான் பத்திரமா இருக்கேன். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."